ஐந்து நாள் கத்தாத ஆடு

“ஆட்டுக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. என் மானத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்” என்றபடி உள்ளே வந்தார் பள்ளிக்கூட ஆயா.

கால்நடை மருத்துவமனைக்கு இப்படியொரு நோயோடு அதுவரை யாரும் வந்ததில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். ஐம்பது வயதுக்காரர், அவசரத்தை அவர் முட்டும் மாட்டிடம்கூடக் காட்டியதில்லை. அவசரப்படுவதெல்லாம் அவருடைய கம்பவுண்டரின் வேலை. அந்த மனிதர் அப்போது, முந்தின நாள் மாலை இஸ்திரியிலிருந்து வந்த தன் வெள்ளைக் கோட்டை ஜன்னலோரம் விரித்து வைத்து அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து இன்னும் ஒரு தடவைகூடப் போடவில்லை. கீழ்முனையை எதுவோ மென்றிருந்தது. நாலைந்து பழுப்பு மயிர் வேறு ஒட்டியிருந்தது.

“எலி! இஸ்திரிக்காரம்மா வீட்டுல எலி பெருத்துப்போச்சு” என்றார்.

“கோட்டை அப்புறம் பார்க்கலாம். உட்காருங்க ஆயா. என்ன ஆச்சு?”

அந்த ஊரில் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் ஆட்டுக் குழு வைத்திருந்தார்கள். குழு, முறை வந்த வீட்டுக்கு ஆடு கொடுக்கும். பால் அந்த வீட்டுக்கு. முதலில் பிறக்கும் பெட்டைக்குட்டியை மட்டும் மூன்று மாதம் வளர்த்து, பட்டியலில் அடுத்து இருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் தாய் ஆடு சொந்தம். தவறினால் தாயும் கைவிட்டுப் போகும். ஆயா வீட்டு ஆடு ஐந்து வாரத்துக்கு முன் ஈன்றது ஒரே குட்டி, அதுவும் பெட்டை. அடுத்த முறை இஸ்திரிக்காரம்மாவுக்கு.

“திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன். நாலு மணிக்கு வந்தா குட்டியைக் காணோம். கொட்டகைத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்கு. நான்தான் வித்துட்டேன்னு ஊரே பேசுது. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம். தாயைப் பிடிச்சுட்டுப் போகப்போறாங்க. அடுத்த மாசம் மக பிரசவத்துக்கு வர்றா. அந்த ஆட்டுப் பாலை நம்பித்தான் அவளை வரச் சொன்னேன்.”

“நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றார் கம்பவுண்டர்.

“தூக்கிட்டு, திரும்பித் தாழ்ப்பாளும் போட்டுட்டுப் போச்சா?” என்று கேட்டார் டாக்டரம்மா. கம்பவுண்டர் மறுபடியும் கோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

“குட்டி போனதிலிருந்து தாய் எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, சமத்தா இருக்கு. ஒரு சத்தம் கிடையாது. எனக்குத்தான் தூக்கம் போச்சு.”

“பால்?”

“காலையில எப்பவும் கறக்கிறதைப் போல ரெண்டு பங்கு. சாயங்காலம் கறந்தா ஒரு டம்ளர்கூடத் தேற மாட்டேங்குது.”

“வழக்கம் போல வேலைக்குப் போங்க. கூட்டத்துக்கு நாங்களும் வர்றோம்” என்று மட்டும் சொன்னார் டாக்டரம்மா.

மதியம் இரண்டு மணிக்கு இருவரும் ஆயாவின் கொட்டகைக்குள் நின்றார்கள். தென்னங்கீற்றுக் கூரை, தண்ணீர்த் தொட்டி, கட்டித் தொங்கவிட்ட தழை, மூலையில் அசைபோட்டபடி ஒரு பழுப்பு ஆடு. டாக்டரம்மா குனிந்து மடியைத் தொட்டார். தளர்ந்து கிடந்தது. காம்புகள் ஈரமாக இருந்தன. ஒன்றின் நுனியில் நுரைகூட இன்னும் காயவில்லை.

“பால் திருடன்!” என்றார் கம்பவுண்டர். “டீக்கடைக்காரரா இருக்கும். எனக்கு அந்த ஆளு மேல எப்பவுமே ஒரு கண்ணு.”

“கறக்கிற கை நுரையைப் பாத்திரத்துல விடும். காம்புல விடாது. மத்தியானம் இந்தத் தெருவுக்கு யாரெல்லாம் வருவாங்க?”

“யாரும் வரமாட்டாங்க. எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. இஸ்திரிக்காரம்மா துணி எடுக்க வருவாங்க, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்” என்றார் டாக்டரம்மா.

நாலரை மணிக்குக் கொட்டகை முன்னால் குழு கூடியது. தலைவியம்மா, கையில் பட்டியல் நோட்டுடன் நாற்காலியில் இருந்தார். ஆயா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இஸ்திரிக்காரம்மா கடைசி வரிசையில், முந்தானை நுனியைத் திருகியபடி உட்கார்ந்திருந்தார்.

“குட்டியை யாரும் விக்கலை. அது உயிரோட, பக்கத்துலதான் இருக்கு” என்று டாக்டரம்மா ஆரம்பித்ததும் சலசலப்பு எழுந்து அடங்கியது.

“எப்படிச் சொல்றீங்க?” என்றார் தலைவியம்மா.

“குட்டியைப் பறிகொடுத்த ஆடு ரெண்டு மூணு நாள் தொண்டை கட்டுற வரைக்கும் கத்தும். உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரிஞ்சதை யாரும் நினைச்சுப் பார்க்கலை, ஆயா உட்பட. அவங்களுக்குக் கோபம், உங்களுக்குச் சந்தேகம். இந்த ஆடு அஞ்சு நாளா கத்தலை. ஏன்னா தினமும் குட்டியைப் பார்க்குது.”

“எப்போ பார்க்குது?”

“ராத்திரி குட்டி இல்லை, அதனால காலையில பால் கூடியிருக்கு. சாயங்காலம் மடி காலி. அப்போ ஆயா பள்ளிக்கூடத்துல இருக்கும்போது குட்டி வந்து குடிக்குது. பகல்ல, நடுத்தெருவுல ஒரு ஆட்டுக்குட்டியை யார் கண்ணுலயும் படாமக் கொண்டுவரணும்னா, தோள்ல துணி மூட்டை இருக்கணும்.” டாக்டரம்மா கம்பவுண்டரின் கோட்டை விரித்துக் காட்டினார். “எலி துணியை வெட்டும். இது மென்னு சப்பியிருக்கு. இந்தப் பழுப்பு மயிரும் எலியோடது இல்லை.”

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. இஸ்திரிக்காரம்மா எழுந்து போனார். கால் மணி நேரத்தில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தார். மூட்டைக்கு நாலு பழுப்புக் காலும் வெள்ளைக் காதும் இருந்தன.

கம்பவுண்டருக்குத் தலை சுற்றியது. “ரெண்டு மாசம் போனா தானா வர்ற குட்டிம்மா இது! உங்க சொத்தை நீங்களே திருடிக்கிட்டீங்களா?”

“என் புத்தி கெட்டுப்போச்சு” என்றார் இஸ்திரிக்காரம்மா. “போன தடவை என் முறை வந்தப்பவும் ஒரு வீட்டுல குட்டி செத்துப்போச்சுன்னாங்க. அப்புறம் அதே குட்டியைச் சந்தையில பார்த்தேன். இந்தத் தடவை பயந்துட்டேன். தாய்ப்பால் இல்லாம வாடிடுமேன்னு மத்தியானம் மட்டும் கொண்டுவந்தேன். பேச்சு இவ்வளவு பெருசானப்புறம் வாயைத் திறக்க தைரியம் வரலை.”

தலைவியம்மா நோட்டைத் திறந்தார். “ஒரு குடும்பத்தையே திருட்டுப் பட்டத்தோட நிக்க வெச்சிருக்கே. பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை.”

“எடுத்துடுங்க” என்றார் இஸ்திரிக்காரம்மா.

அப்போதுதான் ஆயா தூணை விட்டார்.

“ஏம்மா, அஞ்சு வாரமா சும்மா இருந்த உனக்கு, சரியா திங்கக்கிழமை மட்டும் ஏன் பயம் வந்துச்சு?”

இஸ்திரிக்காரம்மா தலை குனிந்தார். “விடுங்கக்கா.”

“நீ ஆட்டு வியாபாரி வீட்டுக்கும் துணி கொடுக்கப் போவே, இல்ல? அங்கே ஏதோ கேட்டிருக்கே.”

இஸ்திரிக்காரம்மா குட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆயாவின் முகம் வெளுத்துவிட்டது. வழக்கு அவர் பக்கம் ஜெயித்தாகிவிட்டது. இனி அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டாக்டரம்மாகூட அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

“செவ்வாக்கிழமை காலையில வந்து குட்டியைப் பிடிச்சுக்கச் சொல்லி அவர்கிட்ட பேசியிருந்தேன்” என்றார் ஆயா, எல்லோருக்கும் கேட்கும்படி. “மக வர்றா, கையில ஒண்ணுமில்லை. செத்துப்போச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பேன், செத்தா தாயைப் பிடிக்க மாட்டீங்களே. அஞ்சு நாளா நான் அழுதது செய்யாத தப்புக்கு. ஆனா செய்ய இருந்த தப்பு அது. இவ தூக்கிட்டுப் போகலேன்னா இப்போ குட்டி இல்லை. பேரை எடுக்கணும்னா என் பேரை எடுங்க.”

தலைவியம்மா ஆயாவைப் பார்த்தார், இஸ்திரிக்காரம்மாவைப் பார்த்தார். பேனாவைத் திறக்காமலே நோட்டை மூடினார். “ரெண்டு பேரையும் எடுத்தா அப்புறம் குழு எதுக்கு? குட்டி உயிரோட இருக்கு. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க.”

குட்டி வாசனை பிடித்துக்கொண்டு கொட்டகையை நோக்கித் திமிறியது. உள்ளிருந்து, ஐந்து நாளில் முதல்முறையாகத் தாய் ஆடு குரல் கொடுத்தது.

ஆயா இரண்டு கைகளையும் நீட்டினார். “இன்னும் ரெண்டு மாசம் அது தாய்கிட்ட இருக்கணும். இவ்வளவையும் கேட்டப்புறம், என்னை நம்பி விடுவியா?”

இஸ்திரிக்காரம்மா யோசித்தார். எல்லோருக்கும் தெரியும்படி, நிஜமாகவே யோசித்தார். பிறகு குட்டியை எடுத்து ஆயாவின் கையில் கொடுத்தார்.