பதினொரு மணிப் பவளம்

பம்பு நின்ற நான்காவது நிமிடத்தில் கீழ்த்தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. பெனிட்டா இரண்டு வாளிகளையும் ஒரு சோற்றுப் பானையையும் கொண்டுவந்து வைத்தாள். போதவில்லை. மேலே கண்ணாடித் தொட்டியிலிருந்த உப்புநீர், ஏறிப் போன குழாய் வழியாகவே திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அது சமையலறையில் பரவி, வாசலைத் தாண்டி, மாடிப்படிகளில் சொட்டியது.

சுவிட்சை அணைத்தவள் முத்துச்செல்வி. வீட்டுக்கடல் துறையின் ஆய்வாளர். நனைந்த செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"சொல்லிட்டு அணைச்சிருக்கலாம்லா மேடம்?"

"கரண்டு போகும்போது சொல்லிட்டா போகுது? மேல இருந்து எவ்வளவு தண்ணி இறங்குமோ, அவ்வளவுக்குக் கீழ்த்தொட்டியில எடம் விட்டிருக்கணும். நீங்க கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சிருக்கீய."

ஏற்றுப் பம்பின் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஊசிமுனை அளவில் ஒரு துளை போடச் சொன்னாள். நீர் கொஞ்சம் இறங்கியதுமே அத்துளை வழியே காற்று நுழைந்து ஓட்டத்தை அறுத்துவிடும். அன்று மாலைக்குள் பெனிட்டா துளை போட்டு, கீழ்த்தொட்டியில் சிவப்புக் கோடு வரைந்து, பம்பை ஏழு முறை நிறுத்திப் பார்த்தாள். எட்டாவது முறை நிறுத்தப் போனபோது அவள் கணவன் ரெமிஜியுஸ் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்டி. தண்ணிக்கே தலை சுத்தும்."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்று புயல்களில் தூத்துக்குடியின் கரையோரத் தெருக்கள் முழுகிய பிறகு, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. விதிவிலக்கு ஒன்றுதான். வீட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்குக் கரைச்சீட்டு கிடைக்கும். ரெமிஜியுஸ் துறைமுகத்தருகே படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தான். பெனிட்டா கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு ஷிப்ட். கரையை விட்டால் இருவருக்கும் பிழைப்பு எட்டாத தூரத்துக்குப் போய்விடும்.

மன்னார் வளைகுடாவின் பவளங்கள் சூட்டில் வெளுத்துச் செத்துப்போயிருந்தன. மிஞ்சிய சில துண்டுகளின் மரபணுவைத் திருத்தி விஞ்ஞானிகள் நினைவுப் பவளம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். கடலுக்கு மேல் நிழல்மிதவைகள் விரித்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் வேலை முடியும்வரை அவை நாலாயிரம் வீடுகளில் வளரும். பிறகு கடலுக்குத் திரும்பும். பவளம் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவுக்குச் சில நாள் கழித்து, இருட்டிய பின் முட்டையும் விந்தும் சேர்ந்த உருண்டைகளை வெளியிடும். பக்கத்தில் இன்னொன்றும் அதே நேரத்தில் வெளியிட்டால்தான் குஞ்சு உண்டு. எனவே ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஒரு திங்கள்விளக்கு. வெளியே நிலா எப்படியோ, அறைக்குள் விளக்கும் அப்படியே தேய்ந்து வளரும். மின்வெட்டில் பவளம் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, முதல் ஆண்டில் விளக்கிடம் கற்ற நேரத்தைப் பிறகு எதற்காகவும் விடாதபடி அதை அமைத்திருந்தார்கள்.

தண்ணீர் தயாராகவே ஆறு வாரம் ஆயிற்று. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு பெனிட்டா உப்பைப் பையில் வாங்கிவந்ததைப் பார்த்து மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். சோற்றுக்குப் போடும் உப்பில் பவளம் எலும்பு கட்டாது, சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கலவை வேண்டும் என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தாள். கிருமிகள் நிலைபெற்றுக் கழிவைத் தின்னத் தொடங்கும்வரை தொட்டியில் வெறும் கல்தான். நாளுக்கு மூன்று முறை நீரைச் சோதித்தாள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினாள். தூக்கத்திலும் பம்பின் ரீங்காரம் காதில் இருந்தது. அது ஒரு இழை மாறினாலும் எழுந்துவிடுவாள்.

பிறகு பவளம் வந்தது. விரல் நீளத்தில், மான்கொம்பு போல் கிளைத்த ஒரு துண்டு. நன்றாக வளர்ந்தது. ஆனால் எட்டு மாதம் ஆகியும் அது விரிந்து பெனிட்டா பார்த்ததில்லை. இருட்டினால்தான் அது நுண்கைகளை நீட்டும். அந்நேரம் அவள் ஆலையில் இருப்பாள். காலை ஏழு மணிக்கு அவள் வீடு திரும்பும்போது அது வெறும் கல்லாக நிற்கும்.

"இவ்வளவு பாடுபடுதேன். எனக்கு மட்டும் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கு," என்றாள்.

"விளக்குல நேரத்த மாத்துற திருகி இருக்குல்ல? திருப்பிக்கோ. எல்லா வீட்லயும் அதத்தான் செய்றாங்க," என்றான் ரெமிஜியுஸ்.

திருகியைத் தொட்டால் கரைச்சீட்டு ரத்து என்று விதியில் இருந்தது. பெனிட்டா திருப்பினாள். அறைக்குத் தடித்த திரை போட்டாள். இப்போது அவள் தொட்டியில் காலை எட்டுக்குப் பொழுது சாய்ந்தது. அவள் குளித்துச் சாப்பிட்டு வந்து உட்கார, பவளம் விரிந்தது. அடுத்த ஏப்ரலில், காலை பதினொரு மணிக்கு, கிளைகளெங்கும் சவ்வரிசி அளவில் இளஞ்சிவப்பு உருண்டைகள் புடைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று மேலே மிதந்தன. பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கீழ்த்தொட்டியின் வடிகிண்ணத்தில் சேர்ந்த உருண்டைகளைத் துறைக்கு அனுப்பினாள். படிவத்தில் 'இரவு ஒன்பது' என்று எழுதினாள். துறை அவற்றை உறையவைத்துப் பின்னர் கலந்துகொள்ளும். எப்போது வந்தவை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

மூன்றாம் ஆண்டு, வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்னால், விளக்கு கெட்டுப்போனது. புது விளக்கு துறையின் சரியான நேரத்தோடு வந்தது. அதை மாற்ற அவளுக்குத் துணிவில்லை. திரையையும் விலக்கிவிட்டாள். அப்படியும் பவளம் நல்ல வெயில் வெளிச்சத்தில், காலை பதினொரு மணிக்கே உருண்டைகளை விட்டது.

கடலுக்குத் திருப்பி வைக்கும் நாளுக்கு இரண்டே மாதம் இருந்தது.

"கடல்லயும் இது பதினொரு மணிக்குத்தானே விடும்?" என்றாள். "நாலாயிரத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துக்கு விட்டா?"

"எல்லாரும் மாத்திருப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான சொன்னீய."

ரெமிஜியுஸ் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தான். "வாய மூடிட்டு இரு பெனிட்டா. ரெண்டு மாசம். பவளம் கடலுக்குப் போனதும் சீட்டு நிரந்தரமாயிரும். நீ சொன்னா நாம மட்டும்தான் தெருவுல நிப்போம்."

நான்கு நாள் அவள் பொறுத்தாள். ஆலையில் அளவுமானியை இருமுறை தப்பாகப் படித்தாள். ஐந்தாம் நாள் வேலை முடிந்ததும் வாயிலில் நின்றபடியே முத்துச்செல்வியை அழைத்துச் சொல்லிவிட்டாள்.

துறை எல்லா வீடுகளுக்கும் ஒரே கேள்வியை அனுப்பியது. திங்கள்விளக்கின் நேரத்தை மாற்றினீர்களா? மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வீடுகள் 'இல்லை' என்றன. பிழை ஒரே ஒரு வீட்டில்தான் என்று துறை முடிவு செய்தது. பெனிட்டாவின் பவளத்தை எடுத்துக்கொண்டு, சீட்டை ரத்து செய்து, எட்டயபுரம் குடியமர்த்தல் காலனியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். மீதியெல்லாம் மேளதாளத்தோடு கடலுக்குப் போயின. ரெமிஜியுஸ் தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் போய் வந்தான். அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினான்.

மறு ஏப்ரலில் கடலுக்கடியிலிருந்த கேமராக்கள் காட்டிய காட்சியைச் செய்திகள் அதிசயம் என்று கொண்டாடின. காலை ஆறுக்கு ஒரு கொம்பு உருண்டை விட்டது. மதியம் இரண்டுக்கு வேறொன்று. மாலை ஐந்தரைக்கு, அரை கிலோமீட்டர் தள்ளி, இன்னொன்று. மூன்று வாரம் கடலில் ஓயாத திருவிழா. ஒரு குஞ்சுகூட உருவாகவில்லை.

மே மாதம் முத்துச்செல்வி எட்டயபுரம் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எது எது எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா, ஒரே நேரத்துக்காரங்களைப் பக்கத்துல பக்கத்துல நட்டுரலாம். கேமராவுல சிக்கினது கொஞ்சந்தான். கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்காங்க. தண்டனை இல்லன்னு எழுதிக் குடுத்தும் பாத்தாச்சு. உங்களுக்கு நடந்ததப் பாத்துட்டாங்கல்ல."

"நான் கேட்டா மட்டும் சொல்வாங்களா?"

"தெரியல. வேற யாரைக் கேக்கதுன்னும் தெரியல."

பெனிட்டா ஆலைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு, பவளம் வளர்த்த வீடுகளின் படியேறத் தொடங்கினாள். முதல் நாள் பதினாறு கதவுகள். விளக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே முகங்கள் இறுகின. "நாங்க தொட்டதே இல்ல." இரண்டாம் நாள் ஒரு வீட்டில் களைத்துப்போய் உட்கார்ந்தவள், தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் சும்மா கேட்டாள்.

"எங்க வேலை பாக்கீய?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல. ரெண்டாம் ஷிப்ட். வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்னரை ஆயிரும்."

"அப்ப பவளத்த எப்பப் பாப்பீய?"

"காலையிலதான். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும், ஒரு பத்து பத்தரைக்கு, காப்பியோட உக்காந்தா..." அந்தப் பெண் சட்டென்று நிறுத்தினாள். பெனிட்டா எதுவும் எழுதவில்லை. படியிறங்கிய பிறகு எழுதினாள்.

அதன்பின் அவள் விளக்கைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. என்ன வேலை, எப்போது வீட்டுக்கு வருவீர்கள், எப்போது கொஞ்சம் ஓய்வு என்று கேட்டாள். மனிதர்கள் தங்கள் களைப்பைப் பற்றி எவ்வளவு நேரமானாலும் பேசினார்கள். துறை அவளுக்குக் கீழே முப்பது பேரை அனுப்பியது. ஐந்து மாதத்தில் பட்டியல் தயாரானது. அதன்படி கடலடியில் ஆலைக்காரர்களின் பவளங்கள் ஒரு வரிசை, பள்ளிக்கூட ஆசிரியர்களுடையவை ஒரு வரிசை, துறைமுக முதல் ஷிப்ட் ஒரு வரிசை என்று இடம் மாறின.

கடைசியில் மிஞ்சிய வீடு டெல்சியுடையது. கதவைத் திறந்தவளின் இரு இடுப்பிலும் இரு குழந்தைகள்.

"எப்பப் பாப்பீயன்னா? எங்க பாக்க அக்கா! ரெட்டைப் பிள்ள. தொட்டிய ஸ்டோர் ரூம்ல வச்சோம். தண்ணி, உப்பு, எல்லாம் மெஷினே பாத்துக்கிட்டு. மூணு வருசத்துல ஒரு தடவ கதவத் திறந்தேன். அதுவும் ஒரு வாளி எடுக்க."

பெனிட்டா கேமராப் பதிவுகளைத் தேடச் சொன்னாள். கிடைத்தது. ஏப்ரலில், முழுநிலவுக்கு நான்காம் நாள், இரவு ஒன்பதுக்கு, டெல்சியின் பவளம் உருண்டைகளை விட்டிருந்தது. நாலாயிரத்தில் அது ஒன்றுதான் கடலின் நேரத்தில் இருந்தது.

"இது எந்த ஷிப்ட்லயும் சேரல," என்றாள் முத்துச்செல்வி மறுநாள் அலுவலகத்தில்.

"அதுதான மேடம் சரியா இருக்கு!"

"சரியா இருந்து என்ன செய்ய? ஒத்தையா நிக்கே. அப்படியே விட்டா இதோட முட்டை வருசா வருசம் வீண்." அவள் ஒரு தாளை நகர்த்தினாள். "நாலாயிரத்தையும் திருப்பி வளக்க முடியாது, இது ஒண்ணுதான? நுனிய வெட்டிப் புதுசா வளத்தா புது நேரத்தப் படிச்சுக்கும். உங்களுக்குக் கரைச்சீட்டு திரும்பக் குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். நீங்களே வளங்க."

"எத்தனை மணிக்கு?"

"காலை பதினொண்ணு. அதுலதான் கூட்டம் ஜாஸ்தி."

பெனிட்டா தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மறுக்க ஒரு காரணம் தேடினாள். குஞ்சு பொரிக்காத சரியான பவளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. மாலையில் ரெமிஜியுஸிடம் சொன்னாள். அவன் அன்றே மூட்டை கட்டத் தொடங்கினான்.

பழைய கட்டடத்திலேயே வீடு கிடைத்தது. தொட்டியைக் கழுவி, கீழ்த்தொட்டியை வைத்து, குழாயில் துளை போட்டு, ஆறு வாரம் தண்ணீரைத் தயாராக்கினார்கள். வெட்டிய நுனியை ரெமிஜியுஸ்தான் கல்லில் ஒட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "இது ஒண்ணுதான் சரியா இருந்துச்சுன்னு சொன்னியே?"

"ஆமா."

பெனிட்டா திரையை இழுத்துவிட்டு விளக்கைத் திருகினாள்.

எட்டு நாள் அது மூடியே கிடந்தது. ஒன்பதாம் நாள் காலை அவள் ஆலையிலிருந்து வந்து, குளித்து, தட்டோடு தொட்டி முன் உட்கார்ந்தபோது, நுனியெங்கும் பழுப்பும் ஊதாவுமாகச் சின்னஞ்சிறு கைகள் நீண்டிருந்தன. சோறு ஆறும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகாகத்தான் இருந்தது.