ஒன்றுக்குப் பத்து

திங்கள், காலை 9.20. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்த பாட்டிலில்தான் அமிலம் இல்லை. அமிலம் என்ற பேரில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் இது மூன்றாம் முறை.

சாவி கிடங்குக்காரியிடம். வேலைக்குச் சேர்ந்ததும் இரண்டு மாதம் முன்புதான். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள். "வெளிய வித்துட்டு தண்ணி ஊத்தி வைக்கிறா" என்று முடிவே கட்டிவிட்டார் தலைமை வேதியியலர். மாலை நான்கு மணிக்கு வேலைநீக்க உத்தரவு.

10.05. புகாரின் பேரில் வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணியை நேரா இதுல ஊத்தினா என்ன ஆகும்?"

"பொங்கித் தெறிக்கும் மேடம். லேபிள் கருகிடும்" என்றாள் கிடங்குக்காரி. "தனி ஜாடியில தண்ணி வெச்சு, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஆற ஒரு மணி நேரமாவது ஆகும்."

லேபிள் பளிச்சென்று இருந்தது. திருடனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

"இப்ப எவ்வளவு அமிலம் இருக்கு?"

"பதினொண்ணுல ஒரு பங்கு. மூணு தடவையும் அதேதான்" என்றார் வேதியியலர்.

"இப்படி ஆனா யார் சரிபண்றது?"

"அளவு அண்ணன். முப்பது வருஷம் இந்தக் கிடங்கைப் பாத்தவரு, அளவு தப்பவே தப்பாது, அதான் அந்தப் பேரு. ரிட்டயர் ஆகியும், போன் போட்டா ஓடி வந்துடுவாரு. சனிக்கிழமை லீவுலகூட வாட்ச்மேன்கிட்ட பேச வருவாரு. பாவம், ஒண்டிக்கட்டை."

"பூட்டை மாத்தினீங்களா?"

"எதுக்கு? நல்ல பூட்டுதானே."

11.30. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார். "ஒண்ணுக்குப் பத்துன்னா எப்படிக் கலப்பீங்க?"

வேதியியலர், உதவியாளர்கள் இருவர், கிடங்குக்காரி. நால்வர் பதிலும் ஒன்றே: "ஒரு பங்கு அமிலம், ஒன்பது பங்கு தண்ணி. மொத்தம் பத்து."

12.15. அளவு அண்ணன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அவரிடமும் அதே கேள்வி.

"ஒரு பங்கு அமிலம், பத்துப் பங்கு தண்ணி. இதுல என்ன சந்தேகம்?"

"ஆக மொத்தம் பதினொண்ணு" என்றார் இன்ஸ்பெக்டர். "இங்க அப்படிக் கலக்கிறது நீங்க ஒருத்தர்தான். பொறுமையா ஆறவெச்சு, லேபிள்ல ஒரு சொட்டு படாம. பழைய சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

கிழவர் மறுக்கவில்லை. எடுத்த அமிலம் முழுவதும் அவர் கட்டிலுக்கடியில் மூன்று பாட்டில்களில், தேதி ஒட்டி, மூடி இறுக்கி இருந்தது. ஒரு சொட்டுகூட விற்கவில்லை.

"அப்புறம் எதுக்கு?"

"போன் வரும்மா" என்றார். "வீட்டுல அது அடிக்கிறதே இல்ல. இது கெட்டாத்தான் அடிக்கும். இங்க வந்தா எல்லாரும் பேசுவாங்க."

"இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்னு தெரியாதா?"

"ஒரு தடவையோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். ரெண்டாவது தடவையும் அப்படித்தான் நெனச்சேன்."

கிடங்குக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை தப்பியது, ஆனாலும் அவளால் அவரைத் திட்ட முடியவில்லை. வேதியியலர் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அளவு அண்ணன் மெல்லக் கேட்டார்.

"இனிமே இவங்க என்னைக் கூப்பிட மாட்டாங்க, இல்லையா?"

"கோர்ட்டுல கூப்பிடுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

கிழவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எந்தத் தேதிம்மா?"