காந்தத்துக்கு லீவு கிடையாது

இதனால் ஏற்காடு, கிளியூர், செம்மநத்தம் வாழ் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்...

லண்டனில் ஒரு பிரபு தம் கையாலேயே குத்திவிட்ட, இருபத்திரண்டு காரட் தங்க டை-பின், டாக்டர் தேவசிகாமணியின் மார்பிலிருந்து மாயமாய் மறைந்தது!

மலையே அழுதிருக்க வேண்டும்.

பனி மட்டும் இறங்கியது.

1994, அக்டோபர். ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். தேவசிகாமணி கேன்சர் சென்டர். காலை ஒன்பது மணி.

"ஐயோ... நானில்லீங்க!"

அலறியவன் பொன்னுவேல். செம்மநத்தத்து விவசாயி. கையில் விலங்கு.

அவன் மனைவி குப்பாயி மாடியில் மொட்டைத் தலையோடு படுத்திருந்தாள். பத்து மணிக்கு அவள் மண்டையைத் திறக்கப் போகிறார்கள்!

"நேத்து என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதான், இன்ஸ்பெக்டர். அப்பதான் பின்னை உருவியிருக்கான்" என்றார் டாக்டர்.

"ஏனுங்க, மண்டைக்குள்ள கட்டின்னீங்க, நொம்ப முத்திப்போச்சுன்னீங்க... அழுதேனுங்க. அழுவறவன் பின்னையா பாத்துட்டு நிப்பான்?"

"வாயை மூடுறா!" என்றார் இன்ஸ்பெக்டர் சின்னசாமி.

கதவு படாரென்று திறந்தது.

ஞானசுந்தரி! எம்.ஆர்.ஐ. பிசிசிஸ்ட். அந்த ராட்சசக் காந்தக் குழாய் எடுக்கும் படம் நிஜமா, பொய்யா என்று சோதிப்பது அவள் வேலை. அதனாலேயே டாக்டருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"சார், குப்பாயி ஆபரேஷனை நிறுத்துங்க."

"நீ டாக்டரா?"

"இல்ல."

"பிசிக்ஸ் டீச்சர் பிசிக்ஸ் டீச்சராட்டம் இரு!"

அவள் ஒரு பிலிமை நீட்டினாள். "இன்னிக்குக் காலைல எடுத்தது. இன்னும் பேர் ஒட்டலை. என்னன்னு சொல்லுங்க."

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் அரை விநாடி பிடித்தார்.

"இடது பக்கம் கறுப்பா... கட்டி! ரெண்டு மாசம் தாங்காது. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பு."

"சொந்தக்காரங்க யாரும் இல்ல சார். அது கண்ணாடிக் குடுவை. உள்ள இருக்கறது தண்ணி."

டாக்டர் பிலிமைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் இருமினார். இருமல் மாதிரி இல்லை.

"குப்பாயிக்கு எங்க கட்டியோ, அதே இடத்துல குடுவைக்கும் கட்டி! குழாய்க்குள்ள ஏதோ இரும்பு ஒட்டிக் கிடக்குது. அதோட நிழல்தான் இது. நேத்தே சோதிக்கணும்னேன். விட்டீங்களா?"

"இரும்பா? என் மெஷினுக்குள்ளயா? எவன் போட்டான்?"

"பூஜையன்னிக்கு உள்ள தலையை விட்டுச் சந்தனப் பொட்டு வெச்சது யாரு சார்?"

டாக்டரின் கை டையைத் தடவியது.

"அ... அன்னிக்கு மெஷினுக்கு லீவு! நிறுத்தித்தானே வெச்சிருந்தோம்!"

"நிறுத்தினது கம்ப்யூட்டரை. காந்தத்துக்கு லீவு கிடையாது."

நால்வரும் எம்.ஆர்.ஐ. அறைக்கு ஓடினார்கள்.

"விலங்கோட உள்ள வராதீங்க! துப்பாக்கியும் ஆகாது!"

இன்ஸ்பெக்டர் வாசற்படியிலேயே பிரேக் போட்டார். ஞானசுந்தரி மட்டும் குழாய்க்குள் குனிந்தாள். மரக்கரண்டியால் நெம்பினாள்.

டிக்!

சந்தனம் அப்பிய ஒரு டை-பின்!

"என் பின்!" குழந்தை கிடைத்த தாயைப்போல் டாக்டர் பாய்ந்தார்.

குப்பாயியைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி படம் எடுத்தார்கள். ஒன்பது ஐம்பதுக்குப் படம் வந்தது.

நிழல் இல்லை. கட்டியும் இல்லை!

விலங்கு கழன்றது. பொன்னுவேல் மனைவியின் மொட்டைத் தலையைத் தடவினான். "முனியப்பனுக்கு முடி குடுத்ததா நெனச்சுக்க, புள்ள. கெளம்பு, ஊட்டுக்குப் போலாம். இவரு அடுத்து எதைத் தொறப்பாரோ!"

டாக்டர் காதில் எதுவும் விழவில்லை. பின்னைத் துடைத்து டையில் குத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருபத்திரண்டு காரட், இன்ஸ்பெக்டர்! பிரபு கையால குத்தினது!"

இன்ஸ்பெக்டர் புகார் தாளை விரித்தார். "கேஸை என்னன்னு எழுதி முடிக்கறதுங்க?"

ஞானசுந்தரி கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"காந்தம் தங்கத்தை இழுக்காது."