பெரிய காடிதான் பாதுகாப்பு!

போன் அலறியது!

சபாபதி திரையைப் பார்த்தார். பார்த்ததும் வியர்த்தார்.

‘இன்ஸ்பெக்டர் மலர்விழி.’

போக்குவரத்து போலீஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்து விசாரணையில் அவரைக் குடைந்து எடுத்தவள். அன்றைக்கு எப்படியோ தப்பித்தார். தப்பித்த கையோடு அவள் எண்ணைப் பதிந்து வைத்துக்கொண்டார்... எப்போது எடுக்கக்கூடாது என்று தெரியவேண்டுமே!

எடுக்கவில்லை.

மலேசியாவின் கிள்ளானில் பழைய கார், அந்த ஊர்ப் பேச்சில் காடி, வாங்க வேண்டுமென்றால் சபாபதி மோட்டார். கடை வாசலில் ஆளுயரப் பலகை. ‘பெரிய காடி... பெரிய பாதுகாப்பு!’

அந்தப் பலகைக்குக் கீழேதான், அவருடைய பட்டறைக்காரர் நாகையா கைபேசியில் ஒரு வீடியோவோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாஸ்... இதக் கொஞ்சம் பாருங்க.”

பெடரல் நெடுஞ்சாலை. காலை ஏழரை மணி வெயில். வெள்ளி நிறத்தில், ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய காடி ஒன்று.

ஒன்று இல்லை... இரண்டு!

முன்பாதி நடுத்தடுப்பில் சொருகியிருந்தது. பின்பாதி இருபது அடி தள்ளிப் புல்லில் கிடந்தது.

“இது... கமலநாதனுக்கு வித்ததா?”

“ஆமா பாஸ். நம்பர விடுங்க, ஒடஞ்ச எடத்தப் பாருங்க. நா வெல்டிங் வெச்ச அதே எடம் லா!”

சபாபதி அந்தக் கைபேசியைப் பிடுங்கி, உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

விபத்தில் முகம் நசுங்கிய காடி ஒன்று. முதுகு நசுங்கிய காடி ஒன்று. இரண்டிலும் நல்ல பாதியை வெட்டி, ஒட்டி, வெள்ளிச் சாயம் அடித்து, மூன்று மாதத்துக்கு முன்னால் கமலநாதன் தலையில் கட்டியிருந்தார். பூசை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவர்தான்.

“கமலநாதன் எப்படி இருக்காரு?”

“அங்கேயே போயிட்டாராம் பாஸ். பின்னாடி யாரோ உக்காந்திருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க.”

சபாபதி கல்நெஞ்சக்காரர் இல்லை. கமலநாதனின் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்துபோனது. ஆனால் அதன் பின்னாலேயே சிறைக் கம்பியும் வந்தது. அது போகவில்லை.

மறுபடியும் போன்!

“எடுங்க பாஸ். என்னான்னுதான் கேளுங்களேன்.”

“எடுத்தா மாட்டுனோம்! அந்த ஒட்டு இருந்தாத்தானே கேஸு? ஒட்டே இல்லன்னா?”

சபாபதி கடைச் சாவியை நாகையாவிடம் வீசினார்.

“கடையப் பூட்டு. கிரைண்டர எடுத்துக்க!”

விபத்துக் காடிகளைக் கொண்டுவந்து போடும் இழுவை லோரிக் கிடங்கு, பக்கத்து மேருவில் இருந்தது. உரிமையாளர் சபாபதிக்கு இருபது வருஷப் பழக்கம். கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு பாதிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சிவப்புக் காடி. பின்கண்ணாடியில் மஞ்சள் வாத்து பொம்மை.

சபாபதிக்கு உயிரே போய்விட்டது!

அது மகளின் தோழி உஷாராணியின் காடி. அவருடைய ஒரே மகள் தாமரை, தினமும் ஷா ஆலம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவது அதில்தான்!

ஓடினார். காடியின் மூக்கு கசக்கிய காகிதமாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

பக்கத்து இருக்கையில்... ஒரு கீறல் இல்லை! ஒரு சொட்டு ரத்தம் இல்லை!

“இது பின்னாடி வந்து மோதுன காடிண்ணே,” என்றார் கிடங்குக்காரர். “ஓட்டுன பொண்ணுக்குக் கை மட்டும்தான் ஒடஞ்சிச்சு. தனியாத்தான் வந்துச்சாம்.”

சபாபதிக்கு மூச்சு திரும்பியது. கூடவே நேற்றைய சண்டையும் நினைவுக்கு வந்தது.

“அந்தப் பால் டின்னுல இனிமே நீ ஏறக்கூடாது, தாமரை!”

“ஏன்ப்பா? உஷா மெதுவாத்தான் ஓட்டுவா.”

“லோரிக்காரன் மெதுவா இடிப்பானா? பெருசா இருந்தாத்தான் பாதுகாப்பு. உங்கம்மாவும் போயிட்டா. எனக்கு இருக்கிறது நீ ஒருத்திம்மா...”

“சரி, அழுவாதீங்க. நாளையிலேர்ந்து பெரிய காடியிலயே போறேன். போதுமா?”

நல்லவேளை, சொன்ன பேச்சைக் கேட்டாள்! பெரிய காடி என்றால் தொழிற்சாலை பஸ்தானே! இந்நேரம் அதில் போய் இறங்கியிருப்பாள். போனை லாக்கரில் வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த சிவப்புக் காடியின் பக்கத்திலேயே நின்று, முருகனைக் கும்பிட்டார் சபாபதி. கண் கலங்கிவிட்டது.

“ஆரம்பி, நாகையா!”

கிரைண்டர் கதறியது. தீப்பொறி பறந்தது. சட்டைப்பையில் போன் துடித்தது... நின்றது... மறுபடியும் துடித்தது.

நாகையா கிரைண்டரை நிறுத்தினார்.

“பாஸ், பெரிய காடி பலந்தான். நா இல்லங்கல. கம்பெனி செஞ்சபடியே விட்டிருந்தா இந்த மனுசன் எறங்கி நடந்து போயிருப்பாரு. அந்தச் சின்னதுகூட தன் மூக்கக் குடுத்து அந்தப் பொண்ணக் காப்பாத்திருச்சு. நாமதான்...”

“வாய மூடு! வெட்டு!”

ஒட்டு போட்ட இடமெல்லாம் துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. வேலை முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. போனும் அதோடு அடங்கிவிட்டது. சபாபதி நிம்மதியாக ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

ஒரு மணிக்குக் கடைக்குத் திரும்பினார். வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் காடி. அதில் சாய்ந்தபடி மலர்விழி.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம், கேட்காமலே கொட்டியது.

“மேடம், அந்தக் காடி வெட்டி ஒட்டுனதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது! ஏலத்துல எடுத்தேன், அப்படியே வித்தேன். வேணும்னா போய்ப் பாருங்க... ஒட்டே இருக்காது!”

மலர்விழி அவரையே பார்த்தாள்.

“அங்கிள்... நா காடியப் பத்திக் கேக்க வரலையே.”

“பின்ன... எதுக்கு ஒம்போது தடவ...?”

“எட்டரையிலேர்ந்து கூப்பிடுறேன். கடைக்கு ஆள் அனுப்புனேன், பூட்டியிருந்துச்சு. வீட்டுலயும் யாருமில்ல.” குரலைத் தாழ்த்தினாள். “கமலநாதன் காடியில பின்னால உக்காந்திருந்தது... உங்க மக தாமரை.”

“இல்ல! அவ பஸ்ஸுல...”

“கமலநாதனும் அதே கம்பெனிதான். நேத்து தாமரை அவருகிட்ட லிஃப்ட் கேட்டிருக்காங்க. உஷாராணி, ‘எங்கூடவே வாடி’ன்னு கூப்பிட்டாங்களாம். ‘எங்கப்பா பெரிய காடியிலதான் போகச் சொன்னாரு’ன்னுட்டு ஏறிட்டாங்களாம்.”

சபாபதி பலகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என் புள்ள... இப்ப எப்படியிருக்கா?”

மலர்விழி தரையைப் பார்த்தாள்.

“நெனவு இருந்துச்சு. உங்க நம்பர அவங்கதான் சொன்னாங்க. நீங்க எடுக்கல. ‘அப்பா கஸ்டமரோட இருப்பாரு, இன்னொரு தடவ போடுங்கக்கா’ன்னாங்க. போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாங்க. மறுபடியும் போட்டேன்...”

“அப்புறம்?”

“பதினொன்னு நாப்பதுக்கு மேல... போடச் சொல்றதுக்கு ஆளில்ல, அங்கிள்.”

சபாபதி அழவில்லை. இரும்புத்தூள் படிந்த இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

“நாந்தாம்மா வெட்டுனேன். நாந்தான் ஒட்டுனேன். விலங்கப் போடு.”

“அது அப்புறம். மொதல்ல ஆஸ்பத்திரி. நீங்கதான் அடையாளம் காட்டணும்.”

பழக்க தோஷத்தில் கால்கள் அவருடைய பெரிய காடியை நோக்கி நடந்தன. கதவில் கை வைத்தார். வைத்த கையை, சுட்டதுபோல் எடுத்தார். சாவி தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

மலர்விழி தன் காடியின் கதவைத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே சுருண்டு உட்கார்ந்தார். பெல்ட்டை இழுக்கக்கூட அந்தக் கைகளுக்கு வலு இல்லை. அவளே குனிந்து மாட்டிவிட்டாள்.

“சின்ன காடிதான், அங்கிள்...” அவள் குரலில் கேலி இல்லை.

“ஆனா, முழுக் காடி!”