அத்தை தேய்த்துக் கழுவிய கற்கள்

விடிந்ததும் விடியாததுமாக அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"கடலைக் காப்பாத்தறாளாம், கடலை. கூடப் படிச்சவங்க எல்லாம் மேலதிகாரி ஆயாச்சு. இவ இன்னும் தண்ணியில முங்கி எந்திரிச்சுக்கிட்டு இருக்கா..."

மருமகள் அவசர அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடல் பாதுகாப்புப் பகுதியின் தலைமைப் பதவிக்கு இன்று நேர்காணல். போன தடவை கிடைக்க வேண்டியது கை நழுவிப் போயிற்று. இதுவும் போனால், அவள் பிள்ளை மாதிரி வளர்த்த பவளத் திட்டு யாரோ ஒருவர் பொறுப்புக்குப் போய்விடும். அந்தக் கலக்கத்தில் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே மறந்துவிட்டுக் கிளம்பினாள்.

போன தடவை கை நழுவியதற்குக் காரணம் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் மின்சாரம் போய்விட்ட ஒரு நாள், குட்டிப் பவளங்கள் ஒட்டியிருந்த கற்களைக் கடல்தண்ணீரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைத் தொட்டியில் வைத்திருந்தாள். மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், அவ்வளவுதான். பாவம், மருமகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று கழுவி, வெயிலில் காய வைத்துவிட்டாள். பாசி பிடித்துக் கிடந்ததைச் சுத்தம் பண்ணிவிட்டேன் என்று பெருமையாகச் சிரித்த அந்த முகத்தைப் பார்த்து இவளுக்கு எதுவும் சொல்ல மனசு வரவில்லை. அலுவலகத்தில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

இன்றைய நேர்காணலிலும் இயக்குநர் அம்மாள் அந்த விஷயத்தில்தான் வந்து நின்றார். "செத்துக் கிடந்த திட்டை உயிரோட கொண்டுவந்தது நீங்கதான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்தக் கல்லுல இருந்த குட்டிப் பவளம் எல்லாம் செத்துப்போன விஷயம் உறுத்துது. அதைப் போய்க் கழுவக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தப்பு என்னோடதுதான் மேடம்."

"பொய் சொல்றா."

கதவருகே அத்தை. கையில் சாப்பாட்டு டப்பா. திட்டித் தீர்த்தாலும் மருமகள் பட்டினி கிடப்பாளே என்று தூக்கிக்கொண்டு வந்தவள் காதில் அந்தப் பேச்சு விழுந்துவிட்டது. "கழுவினது நான். அதுல உசிரு இருக்குன்னு எனக்கு என்னம்மா தெரியும்... இத்தனை நாளா நான் வாய்க்கு வந்தபடி பேசினதை எல்லாம் வாங்கிக்கிட்டு நின்னாளே, பாவி..."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைத்ததற்காக இவளை நன்றாகத் திட்ட வேண்டும், தலைமை நாற்காலியில் உட்காரட்டும், அப்புறம் திட்டுகிறேன் என்றார். குழுவில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, அப்புறம் வீட்டுல ஒரு சாமானைக்கூட நீங்க தைரியமா தொட்டிருக்க மாட்டீங்க அத்தை."

அவ்வளவுதான். அத்தை அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். இவளும் தேக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

பதவியேற்ற அன்று புதுக் கற்களைக் கடலில் வைக்கப் படகில் போனார்கள். அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். மருமகள் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினாள். நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்று பிடிவாதமாக மிதந்துகொண்டு நின்றாள்.

அத்தை கல்லின் ஓரத்தை மட்டும் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவள் கையில் கொடுத்தாள்.

"போ கண்ணு," என்றாள். "நல்லா முங்கி எந்திரிச்சு வா."