காய்ச்சல் வராத பிணம்

பிரேதப் பரிசோதனை மேசையில் கிடந்தவருக்கு வயிறு முழுக்கச் சீழ்!

ஆனால்... சாகும் வரை காய்ச்சல் இல்லை!

அச்சகத்தில், பாதி திருத்திய பக்கங்களுக்கு நடுவே அவர் மனைவியின் கைபேசி அலறியது. அவளுக்குத் தொழில் பிழை திருத்துவது. பேசியது இன்ஸ்பெக்டர். அவரும் பெண்தான்.

"குடல்ல ஓட்டை மேடம். உள்ளேயே அழுகியிருக்கு. ஒரு காய்ச்சல், ஒரு நடுக்கம்... எதுவுமே இல்லையா?"

"லேசா வயித்து வலின்னார். என் கொழுந்தன் பார்த்தான். 'பயப்படாதீங்கண்ணே, காய்ச்சல் இல்ல, வெறும் வாயுதான்'னு சிரிச்சான்."

கொழுந்தன்! மூட்டு நோய் டாக்டர். அண்ணன் கட்டிய மருத்துவமனையில் அவனுக்குப் பெரிய அறை, பெரிய நாற்காலி, இரண்டையும் விடப் பெரிய வாய். நோயாளிகளை நாயைவிடக் கேவலமாக நடத்துகிறான் என்று அண்ணன் அவனை வெளியேற்ற முடிவு செய்திருந்தார்.

முடிவு செய்தவர் முந்திக்கொண்டு போய்விட்டார்!

"முட்டி வலின்னதும் போன மாசம் வீட்டுக்கே வந்து ஊசி போட்டான். வைட்டமின்னு சொன்னான்."

"என்ன ஊசின்னு தெரியாம எதைத் தேடறது மேடம்? உயிரோட இருந்தப்போ எடுத்த ரத்தத்தை உங்க கொழுந்தன் அன்னிக்கே கொட்டச் சொல்லிட்டாரு. பிணத்து ரத்தம் கெட்டுப்போச்சுன்னு லேப்ல கையை விரிச்சுட்டாங்க. இன்னிக்குச் சாயந்திரம் ஃபைலை மூடச் சொல்றாங்க."

கடைசி நாள் அவர் அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். "பாரு, சில்லுன்னு இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லடி." அவளும் நிம்மதியாகத் தூங்கப் போனாள். அந்தக் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

"இன்ஸ்பெக்டர்... நீங்க ஒரு தப்பு பண்ணணும்."

"தப்பா?"

"பெரிய தப்பு! நான் சொல்லித் தர்றேன்."

* * *

மருத்துவமனை அறையில் கொழுந்தன் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. சுவரெல்லாம் அவனே விருது வாங்கும் படங்கள். மேசை மேல் அவன் எழுதிய புத்தகம். அட்டையிலும் அவன்தான்!

"அண்ணி, துக்கம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் போலீஸைக் கூட்டிட்டு ஊர்வலமா வருவீங்களா?"

"ஒரு சந்தேகம் தம்பி. வயிறு பூரா சீழ். ஏன் காய்ச்சல் வரல?"

"சொன்னா புரியுமா உங்களுக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிரசங்கம் ஆரம்பம்! "உடம்புல எங்க கிருமி புகுந்தாலும் செல்லுங்க தூது அனுப்பும். அந்தத் தூதனுங்க பேரு சைட்டோகைன். அதுல ஒருத்தன் இன்டர்லூக்கின் ஆறு. அவன் போய்க் கதவைத் தட்டினாத்தான் காய்ச்சல் வரும். ஈரல் சி.ஆர்.பி.ன்னு ஒண்ணைச் சுரக்கும், ரத்தத்துல அது ஏறினாத்தான் உள்ளே புண்ணுன்னு தெரியும். அதே தூதன் தேவையில்லாம கத்திக்கிட்டே இருந்தா மூட்டு வீங்கும். என் பொழைப்பே அவனாலதான்."

"அண்ணனுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணனோட சி.ஆர்.பி. சுத்தம்! காய்ச்சலும் இல்ல. கடவுளே வந்தாலும் வாயுன்னுதான் சொல்லியிருப்பாரு. நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"உங்களைக் கேள்வி கேட்கிற அளவுக்குப் படிச்சிருக்கேன். போன மாசம் போட்ட ஊசி?"

"வைட்டமின். எத்தனை தடவை சொல்றது?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அண்ணன் செத்த துக்கத்தில் புதிதாக வாங்கியது போலிருந்தது!

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"லேப்ல கொட்டாம மிச்சமிருந்த ரத்தத்தை வெளியூர்ல டெஸ்ட் பண்ணினோம் டாக்டர். நீங்க சொன்ன இன்டர்லூக்கின் ஆறு... பூஜ்யம்! யாரோ ஊசி போட்டு அதைச் சுத்தமாத் துடைச்சுட்டாங்க. அதான் காய்ச்சல் வரலையாம்."

ஒரு நொடி அவன் முகம் வெளுத்தது.

அடுத்த நொடி... சிரித்தான்!

"பூஜ்யமா? எந்த முட்டாள் சொன்னான்?"

"பெரிய லேப் சார்..."

"லேப்பா அது? மாட்டுக் கொட்டகை! அந்த ஊசி தூதனைத் துடைக்காது அம்மா. அவன் தட்டுற கதவைத்தான் அடைக்கும்! கதவு அடைச்சிருந்தா தூதன் எங்க போவான்? ரத்தத்துலயே குவிவான்! அளவு ஏறும், இறங்காது! அண்ணனுக்கு முட்டிக்குப் போட்டு ஒரு மாசம்கூட ஆகல, ஆயிரக்கணக்குல இல்ல இருந்திருக்கும்..."

நிறுத்தினான்.



"வைட்டமினா டாக்டர் கதவை அடைச்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது... பொதுவா சொன்னேன்."

"பொதுவா பேசறவங்க என் புருஷன் முட்டி வரைக்கும் வர மாட்டாங்க தம்பி!"

"எங்க அந்த ரிப்போர்ட்? காட்டுங்க! கோர்ட்ல கிழிச்சு எறியறேன்!"

"ரிப்போர்ட் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "ரத்தமே இல்ல. நீங்கதானே கொட்டச் சொன்னீங்க?"

"அப்போ... பூஜ்யம்னு சொன்னது?"

"நான் போட்ட பிழை" என்றாள் அவள். "உன் புத்தகத்தை எழுத்து எழுத்தாத் திருத்தினவ நான். கதவை அடைச்சா தூதன் குவிவான்னு அதுல நீதான் பீத்திக்கிட்டிருந்தே. குடல்ல பழைய புண் இருக்கிறவங்களுக்கு அந்த ஊசியே ஆகாது, ஓட்டை விழும்னும் எழுதியிருந்தே. உங்க அண்ணனுக்குப் பழைய புண் இருந்தது உனக்குத் தெரியாதா?"

அவன் மேசை மேலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"உங்க அம்மா சாகக் கிடந்தப்போ மாத்திரை பேரைத் தப்பாச் சொன்னாங்க. அழாம அதைத் திருத்தின பிறவி நீ! ஒரு தப்பை உன் முன்னாடி போட்டா, தூக்குக் கயிறுன்னு தெரிஞ்சும் எட்டிப் பிடிப்பேன்னு தெரியும்."

இன்ஸ்பெக்டர் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜைப் பூட்டி சீல் வைங்க. அங்க இருக்கிற கேமராப் பதிவையும் எடுங்க. எந்த ஊசியைத் தேடணும்னு டாக்டரே சொல்லிட்டாரு... ஆமா, இலவசமா!"

சட்டைப் பட்டனில் ஒளித்திருந்த மைக் வழியே ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை அவர் நிறுத்தினார். விலங்கை மாட்டினார். டாக்டருக்கு நெற்றியெல்லாம் வியர்வை!

"அண்ணி... எனக்கு என்னவோ பண்ணுது..."

அவள் தன் உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நிதானமாக எடுத்து அவன் கோட்டிலேயே துடைத்தாள்.

"பயப்படாதே தம்பி. காய்ச்சல் இல்ல... வெறும் வாய்க்கொழுப்புதான்!"