படகுத்துறைக் காட்சி: நான்கு பதிப்புகள்

டேப்பில் அந்தக் காட்சி பதினோரு விநாடி ஓடியது. டிஸ்கில் ஒன்பதுதான்.

பெரியவள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பென்சிலை மேசைமேல் எறிந்தாள். எல்லோரும் "படகுப் படம்" என்று கொண்டாடும் அந்தப் படம் வெளிவந்து முப்பத்தாறு வருடமாகிறது. வீட்டில் பார்க்க டேப்பாக ஒரு முறை, டிஸ்காக ஒரு முறை, வெள்ளிவிழாப் பதிப்பு என்று ஒரு முறை வந்தது போதாதென்று, இப்போது நான்காவதாக ஒரு புதுப்பதிப்பு வரப்போகிறது. இவற்றையெல்லாம் அருகருகே வைத்து, எங்கே எது வெட்டுப்பட்டது, எங்கே நிறம் மாறியது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. சண்டையில் வெட்டுவார்கள், பாட்டில் வெட்டுவார்கள். கதாநாயகன் படகேறிப் போகும்போது கரையில் நின்று கையாட்டும் கூட்டத்தில் எந்த மகானுபாவன் எதற்காகக் கத்தி வைத்தான்?

வீட்டின் பின்னறைதான் அவள் அலுவலகம். திரையின் நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தாள். பகல் மூன்று மணிக்கும் அங்கே இருட்டுதான். பழைய டேப் கருவி சூடேறி, அதற்குள் வருடக்கணக்காகப் படிந்த தூசி பொசுங்கும் வாடை அறையில் நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது டேப்பைக் கடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்து, விரல்விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னறைக்கு அப்பால் கூடத்தில், அம்மாவின் நாற்காலி கிரீச்சிடுவது அவ்வப்போது கேட்கும்.

இந்த வேலையை எடுத்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் படகுப் படத்தின் பேரை யாரும் எடுப்பதில்லை. விடுமுறை நாளில் டிவியில் வந்தால் அம்மா எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்திவிடுவாள்.

கரையில் கையாட்டும் அந்தக் கூட்டத்தில் பெரியவளும் நின்றிருக்கிறாள். அவளுக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் தங்கை சின்னவள்; ஆறு வயது. படம் எடுக்கிறவர்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். "தங்கச்சி கைய விட்டுடாதே" என்று சொல்லி அம்மா இருவரையும் அனுப்பினாள். படப்பிடிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபோது சின்னவளைக் காணோம். மூன்றாம் நாள், படகுத்துறைப் பலகைகளுக்கு அடியிலேயே, தண்ணீரில் கிடைத்தாள்.

"அவதாம்மா கைய உதறிட்டு ஓடிட்டா. நான் விடல."

பத்து வயதில் சொன்னது. அம்மா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடமாக அந்த மௌனம் இருவருக்கும் நடுவே, துடைக்காத எச்சில் தட்டு மாதிரி கிடந்தது. உண்மையைச் சொன்னால், பெரியவளுக்கே நினைவில்லை. எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் வெயிலும் கூட்டமும் மட்டுமே வந்தன. கையைப் பிடித்திருந்தாளா, விட்டாளா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையை ஏற்றாள்.

ஆனால் எந்தப் பதிப்பும் முழுசாகக் காட்டித் தொலைக்கவில்லை. டேப் போட்ட புண்ணியவான்கள், அந்தக் காலத்து டிவியின் சதுரத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தின் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டு, உயரத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். டிஸ்க் போட்டவர்கள் அகலத்தைக் காப்பாற்றி, மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டார்கள். ஒருவன் காட்டுவதை இன்னொருவன் மறைத்தான்.

டேப்பில், இடது ஓரத்தில், சின்னவள் தலை முதல் கால் வரை நின்றாள். பூப்போட்ட கவுன். இடது கையைப் படகைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். வலது கை கீழே தொங்கியது. அதை இன்னொரு கை பிடித்திருந்தது. மணிக்கட்டோடு படம் வெட்டுப்பட்டுவிட்டது. பிடித்திருப்பவள் தெரியவில்லை. ஆனால் பிடித்த பிடி தெரிந்தது. பதினோரு விநாடியும் அந்தப் பிடி விடவில்லை.

பெரியவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"அம்மா, இங்க கொஞ்சம் வா."

"உன் குகைக்குள்ள நான் எதுக்கு? கால் தடுக்கி விழவா?"

"நான் பிடிச்சுக்கறேன், வா. ஒண்ணு காட்டணும்."

அம்மாவுக்குக் கண்ணில் புரை. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். காட்சி ஓடி முடிந்தது. அம்மா முகத்தை எடுக்கவில்லை. திட்டப்போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள்.

"அது அவ கவுன்தான்."

"ஆமாம்மா."

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். அம்மா சுருங்கிய விரலால் கண்ணாடியைத் தொட்டாள், சரியாக அந்தக் கைகளின் மேல்.

"பிடிச்சிட்டுத்தான் இருந்திருக்கே."

"ஆமா."

"கடைசி வரைக்கும் பிடிச்சிட்டுத்தான் இருந்திருக்கே, பெரியவளே. நான் உன்ன ஒரு வார்த்தை கேட்டதில்ல, இல்ல? கேட்டிருக்கணும்." அம்மா அவள் தலையில் கையை வைத்தாள். அந்தக் கையின் கனத்தைப் பெரியவள் மறந்தே போயிருந்தாள்.

அன்று அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் காலை பல் தேய்க்கும் முன்பே கதவைத் தட்டினாள். "அதைப் போடேன், பார்ப்போம்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'டேப்பில் இல்லாத ஓரத்தில் டிஸ்க் என்ன காட்டுகிறது?'

டிஸ்கைப் போட்டாள். அகலமான படம். இப்போது திரையில் சின்னவளுக்கு இடப்பக்கமும் தெரிந்தது. அங்கே இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், பத்து வயது, வாயெல்லாம் பல்லாக நின்றாள். தன்னை அந்த வயதில் பார்த்ததில் பெரியவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

அந்தப் பெண் கையாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும்.

படத்தை நிறுத்தினாள். சின்னவள் மார்புவரைதான் தெரிந்தாள். அதற்குக் கீழே டிஸ்க்காரன் நறுக்கியிருந்தான். அவளுடைய வலது கை கீழே இறங்கி, விளிம்போடு மறைந்தது. பெரியவளின் இரண்டு கைகளும் தலைக்குமேலே, பத்து விரலும் விரிந்து நின்றன.

வேறு முறை எடுத்த காட்சியாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு பதிப்பையும் இரண்டு திரையில் ஓட்டி, ஒவ்வொரு பிரேமாக ஒப்பிட்டாள். தொப்பிக்காரர் தலையைத் திருப்பும் அதே பிரேம். பறவை கம்பத்தை விட்டு எழும் அதே பிரேம். ஒன்றேதான். டேப் மறுபடியும் சிக்கியது. இழுத்தாள், வரவில்லை, கருவியை ஓங்கி ஓர் அறை விட்டாள். வெள்ளிவிழாப் பதிப்பைப் போட்டால், புள்ளியெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்குகிறேன் என்று எல்லோர் முகத்தையும் மெழுகாக்கி வைத்திருந்தார்கள். கீழ் விளிம்பில், சின்னவளுக்குப் பக்கத்தில், வெறும் கறுப்புத் தீற்றல்.

டேப்பில் அந்தக் கையை மறுபடி பார்த்தாள். அவள் தங்கையைவிட ஒரு முழம் உயரம். அவள் பிடித்திருந்தால் கை மேலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

அது கீழேயிருந்து வந்திருந்தது.

புதுப்பதிப்பு போடும் நிறுவனத்தின் மேலாளர் போன் செய்தார். "என்னங்க, ஒரு கூட்டத்துக்கு மூணு நாளா? அதுல இருக்கிறவங்களுக்கெல்லாம் ரேஷன் கார்டா எழுதறீங்க?"

"ரெண்டு விநாடி குறையுது சார். யார் வெட்டினாங்கன்னு தெரியணும்."

"பழைய எடிட்டர்தான். ஏன்னு கேட்டா போய்ச் சேர்ந்தவர் எழுந்து வந்து சொல்லப் போறாரா? புதுப் பிரதி அனுப்பறேன். நெகடிவ்ல இருக்கிறது முழுசும், நாலு பக்கமும், வெட்டே இல்லாம. அதைப் பார்த்து முடிச்சுக் குடுங்க."

அடுத்து ஒலி சரிபார்ப்பவர் கூப்பிட்டார். எதுவும் தப்பாமல் கேட்கும் அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"தங்கச்சி, அந்தப் படகுத்துறையில கூட்டச் சத்தத்துக்கு அடியில ஒண்ணு வருதே, அதை எழுதினியா? டேப்ல மட்டும் இருக்கு. டிஸ்க்ல கரகரப்புன்னு நினைச்சுத் துடைச்சுட்டாங்க."

"என்ன சத்தம் அண்ணே?"

"பலகையத் தட்டற சத்தம். கீழேயிருந்து."

"தண்ணி மோதறதா இருக்கும்."

"தண்ணி எண்ணிக்கிட்டா மோதும்? ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். உள்ள யாராவது இருக்கீங்களான்னு கதவத் தட்டுவோமே, அந்த மாதிரி. எனக்கென்னவோ கேட்டதிலேர்ந்து சரியா இல்ல. ஹெட்போன கழட்டி வெச்சுட்டேன்."

புதுப் பிரதி மறுநாள் மதியம் வந்தது. அவள் அதை இரண்டு மணி நேரம் தொடவில்லை. பட்டியலில் எழுத்துப்பிழை திருத்தினாள். டேப் கருவியின் தலையைப் பஞ்சால் துடைத்தாள். திறக்காமலே "மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு.

அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"நான்தான். ஏன், பேயையா பார்த்தே?" அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "புதுசு வந்திருக்குன்னு போன்ல சொன்னியே, கேட்டேன். அதுல நல்லாத் தெரியுமாமே."

"அப்புறம் பார்க்கலாம்மா. எனக்கு வேலை கிடக்கு."

"இதுதானே உன் வேலை? முப்பத்தாறு வருஷம் பார்க்காம இருந்துட்டேன். இன்னும் என்ன அப்புறம்? போடு."

"அம்மா, சொன்னாக் கேளு."

"போடுடீ."

போட்டாள்.

பதினான்கு விநாடி என்று திரையின் மூலையில் காட்டியது. இசை சேர்க்காத பிரதி. படப்பிடிப்பில் பதிவான சத்தம் அப்படியே வந்தது: காற்று, கூட்டம், படகின் இயந்திரம். ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல். "நான் சொல்ற வரைக்கும் யாரும் கையை இறக்கக் கூடாது! சிரிங்க! படகை மட்டும் பாருங்க!"

அதற்கு அடியில். டொக் டொக்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான்கு ஓரமும் முழுசாக. இடது பக்கத்தில் அவள், இரண்டு கைகளும் மேலே. பக்கத்தில் சின்னவள். அவர்கள் காலடியில் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நாலு விரல் இடைவெளி.

அந்த இடைவெளியிலிருந்து கை வந்திருந்தது.

மணிக்கட்டு. முன்கை. முழங்கை. அதற்குக் கீழே பலகை. ஈரத்தில் மின்னியது. மெலிந்து, நீண்டு, சின்னவளின் விரல்களுக்குள் விரல் கோத்து நின்றது.

டொக் டொக். நிறுத்தம்.

"எங்க, எங்க?" அம்மா முகத்தைத் திரைக்குக் கொண்டுபோனாள். புரை விழுந்த கண்கள் அந்த வெளிச்சத்தில் பால் மாதிரி இருந்தன. "ஆமா, தெரியுது. கை தெரியுது."

பெரியவள் பொத்தானைத் தேடினாள். விரல் படவில்லை.

ஆறு. ஏழு. சின்னவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பயமில்லை. தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல.

ஒன்பது. டிஸ்க் முடிந்த இடம். கை ஒரு முறை இழுத்தது. லேசாக.

பதினொன்று. டேப் முடிந்த இடம். இன்னொரு முறை. இம்முறை லேசாக இல்லை. சின்னவளின் தோள் சரிந்தது. நிமிர்ந்தாள். பக்கத்தில் பார்த்தாள். வாய் திறந்தது. கூட்டத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அக்கா.

இரட்டைச் சடை திரும்பியது.

பார்த்தாள். தங்கையின் முகத்தை. தோளை. கையை. அந்தக் கையை. நிதானமாக, மேலிருந்து கீழே, பலகை இடைவெளிவரைக்கும் பார்த்தாள்.

"யாரும் திரும்பாதீங்க! சிரிங்க!"

இரட்டைச் சடை படகுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"பார்த்தியா," அம்மா சொன்னாள். "எவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்கே. விடவே இல்ல பாரு. என் கண்ணு, நீ விடவே இல்ல."

பதின்மூன்று. பலகைகள். நாலு விரல் இடைவெளி. அதன் விளிம்பில் பூப்போட்ட துணியின் ஒரு முனை. அதுவும் உள்ளே போயிற்று.

தட்டும் சத்தம் நின்றிருந்தது.

பதினான்கு. காலியான பலகைக்குப் பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, சிரித்த முகமாக, இரண்டு கைகளையும் முன்னைவிட உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.